கால் தானாக எழுந்தது

"யாரும் சொல்லலக்கா. கால் தானா எழுந்திருச்சு."

அந்தப் பெண்ணுக்கு 15 வயது. ஆண், பெண் பற்றி நமக்குள் படிந்துபோன எண்ணங்களை நடித்துப் பார்த்து உணர்வதற்காக வளரிளம் பிள்ளைகளுக்கு நான் நடத்தும் வகுப்பு அது. நடித்துக்கொண்டிருந்த காட்சியைப் பாதியில் நிறுத்தி, "இப்ப எதுக்கு எழுந்தே?" என்று நான் கேட்டதற்கு அவள் சொன்ன பதில் இது. சொல்லிவிட்டுக் குனிந்து தன் காலையே பார்த்தாள், அது வேறு யாருடைய காலோ என்பது போல.

காட்சி ரொம்பச் சின்னது. ஒரு வீடு, சாயங்காலம், நான்கு பேர். ஆளுக்கொரு சீட்டு எழுதிக் கொடுத்திருந்தேன். இரண்டு சீட்டில் 'பெரியவர்', இரண்டில் 'பிள்ளை'. ஆணா பெண்ணா என்று எதிலும் எழுதவில்லை. ஒரு பெரியவர் நின்றுபோன கடிகாரத்தைப் பிரித்துப் போட்டிருக்கிறார். இன்னொருவர் போனில் முக்கியமாக ஏதோ பேசிக்கொண்டிருக்கிறார். ஒரு பிள்ளைக்கு நாளைக்குத் தேர்வு, இன்னும் இரண்டு பாடம் பாக்கி. இன்னொரு பிள்ளைக்கு ஒரு வேலையும் இல்லை, காலை நீட்டிச் சும்மா உட்கார்ந்திருக்கிறது. வாசலில் அழைப்பு மணி அடிக்கும். அதற்கப்புறம் என்ன நடக்கிறதோ அதுதான் நாடகம்.

தேர்வுச் சீட்டு அவளுக்கு வந்திருந்தது. சும்மா இருக்கும் பிள்ளையாக ஒரு பையன். நான் வாயாலேயே மணி அடித்தேன். சத்தம் அடங்குவதற்குள் அவள் எழுந்துவிட்டாள். படித்த பக்கம் தவறிவிடக் கூடாது என்று ஆள்காட்டி விரலைப் புத்தகத்துக்குள் செருகியபடியே கதவுப் பக்கம் நடந்தாள். பையன் நீட்டிய காலை மடக்கவில்லை. அதைத் தாண்டித்தான் அவள் போக வேண்டியிருந்தது.

சீட்டை மாற்றிக்கொள்ளச் சொன்னேன். இப்போது தேர்வு பையனுக்கு, ஓய்வு அவளுக்கு. மறுபடி மணி. பையன் அசையவில்லை, "எனக்கு நாளைக்கு எக்ஸாம்" என்றான், நியாயமாகத்தான். அவள் எழுந்துவிட்டாள். சும்மா இருப்பவள்தானே எழ வேண்டும், அதுவும் நியாயம்தான். இரண்டு முறையும் எல்லாம் நியாயமாகவே நடந்தது. ஆனால் இரண்டு முறையும் எழுந்தது ஒரே ஆள். பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளில் ஒருத்தி, மெதுவாக, தனக்குள் பேசிக்கொள்வது போல, "அப்ப சீட்டுல என்ன எழுதினாலும் அவதான் எழுவா" என்றாள்.

இந்த ஒரு வரிக்காக நான் ஒரு மணி நேரம் சொற்பொழிவு ஆற்றியிருக்கலாம். ஆற்றியும் இருக்கிறேன், பழைய நாட்களில். எதுவும் ஒட்டவில்லை. ஆணும் பெண்ணும் சமம் என்று எந்த வகுப்பில் கேட்டாலும் எல்லாரும் கை தூக்குவார்கள். சரியான பதில் எதுவென்று அவர்களுக்குத் தெரியும். காலுக்குத்தான் தெரியாது.

ஆண் என்றால் இப்படி, பெண் என்றால் இப்படி என்று நமக்குள் படிந்துபோன இந்தப் படத்தைப் புத்தகத் தமிழில் பாலின வார்ப்புரு என்கிறார்கள். பிள்ளைகளிடம் நான் 'அச்சு' என்றுதான் சொல்வேன். அச்சில் ஊற்றியது அச்சின் வடிவத்தில்தான் வரும், ஊற்றியவர் யாரென்று நினைவிருக்காது. நம்மிடம் 13, 14 வயதில் வந்து சேரும்போது அந்த அச்சுக்கு ஏற்கெனவே பல வயது ஆகியிருக்கிறது. லின் பியான் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 2017இல் அமெரிக்கச் சிறு குழந்தைகளிடம் செய்த ஆய்வு ஒன்று உண்டு. 'ரொம்ப ரொம்பப் புத்திசாலி' ஒருவரைப் பற்றிக் கதை சொல்லி, அது யாராக இருக்கும் என்று படங்களைக் காட்டிக் கேட்டார்கள். 5 வயதில் பெண் குழந்தைகள் பெண்ணைக் காட்டினார்கள், ஆண் குழந்தைகள் ஆணைக் காட்டினார்கள். 6, 7 வயதில் பெண் குழந்தைகள் தம் பக்கத்தைக் காட்டுவது குறைந்துபோயிற்று. இது ரொம்பப் புத்திசாலிகளுக்கான விளையாட்டு என்று சொன்னால் அதில் சேரும் ஆசையும் குறைந்தது. ஒரே ஒரு பிறந்தநாள் இடைவெளி. அதற்குள் யார் உட்கார வைத்துப் பாடம் நடத்தினார்கள்? யாரும் நடத்தவில்லை. பார்த்தே கற்றுக்கொண்டார்கள். பார்த்துக் கற்றதைப் பேசிக் கரைப்பது கடினம். செய்து பார்க்கத்தான் வேண்டும்.

செய்து பார்ப்பதற்கும் கேட்டுத் தெரிந்துகொள்வதற்கும் உள்ள வித்தியாசத்துக்கு எனக்குப் பிடித்த சான்று புகைப்பிடிப்பவர்களைப் பற்றியது. 1965இல் இர்விங் ஜானிஸ், லியோன் மான் என்ற உளவியலாளர்கள் இருவரும் புகைப்பழக்கம் உள்ள 26 இளம்பெண்களை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பகுதியினர், நுரையீரல் புற்றுநோய் என்று மருத்துவர் சொல்லும் காட்சியில் நோயாளியாகவே நடித்தார்கள். மற்றவர்கள் அப்படி நடந்த ஒரு காட்சியின் ஒலிப்பதிவைக் கேட்டார்கள். சொல்லப்பட்ட செய்தி ஒன்றுதான். நடித்தவர்கள்தான் புகைப்பதை அதிகமாகக் குறைத்தார்கள். ஒன்றரை வருடம் கழித்துக் கேட்டபோதும் அந்த வித்தியாசம் மறையவில்லை. சிறிய ஆய்வுதான், ஆனால் நான் அறையில் தினமும் பார்ப்பதோடு அது ஒத்துப்போகிறது. சொந்த வாயால் சொன்னதை உடம்பு வைத்துக்கொள்கிறது.

சரி, நடிக்க வைத்தால் போதுமா? போதாது. இதை நான் கற்றுக்கொண்ட விதம் இன்றைக்கும் உறுத்துகிறது.

இந்த வேலைக்கு வந்த புதிதில், பயிற்சிக் கையேடுகளில் எல்லாரும் சொல்வதையே செய்தேன். "பசங்க எல்லாம் பொண்ணுங்களா நடிங்க, பொண்ணுங்க எல்லாம் பசங்களா நடிங்க." அறை அதிர்ந்தது. பையன்கள் இடுப்பை ஒடித்து நடந்தார்கள், குரலைக் கீச்சென்று ஆக்கினார்கள், இல்லாத கூந்தலைத் தள்ளிவிட்டார்கள். பெண்கள் இல்லாத மீசையை முறுக்கினார்கள், காலை அகட்டி உட்கார்ந்து அதட்டினார்கள். அப்படி ஒரு சிரிப்பு. நல்ல வகுப்பு நடத்திவிட்டோம் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

பின்வரிசையில் ஒரு பையன் இருந்தான். இயல்பிலேயே மென்மையான குரல், கையை அசைத்து அசைத்துப் பேசுவான். நண்பர்கள் மேடையில் செய்து காட்டிய ஒவ்வொரு அசைவும் அவனுடையது. அவர்கள் 'பெண்' என்று நடித்தது பெண்ணை அல்ல, அவனை. இடைவேளையில் பையை எடுத்துக்கொண்டு போனவன் திரும்ப வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. அன்று அந்த அறையில் அச்சு உடையவில்லை, இன்னும் இறுகியது. அதை இறுக்கியது நான்தான்.

அந்தத் தவறு எனக்கு மட்டும் உரியதல்ல என்பது பிறகு தெரிந்தது. கண்ணைக் கட்டிக்கொண்டும் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தும் ஊனமுற்றவராகச் சற்று நேரம் 'இருந்து பார்க்கும்' பயிற்சிகளை உளவியலாளர் மிஷெல் நாரியோ-ரெட்மண்ட் குழுவினர் ஆராய்ந்து 2017இல் எழுதினார்கள். பங்கேற்றவர்களுக்கு இரக்கம் கூடியது, கூடவே 'இப்படி ஆகிவிட்டால் என்ன கதி' என்ற பயமும் கையாலாகாத உணர்வும் கூடின. ஒரு மனிதரை விட்டுவிட்டு ஒரு வகையை நடிக்கச் சொன்னால், ஐந்து நிமிடத்தில் கைக்கு எட்டுவது அந்த வகையைப் பற்றி ஏற்கெனவே நாம் வைத்திருக்கும் படம்தான். பிள்ளைகள் என்ன செய்வார்கள்? 'பெண்' என்றால் அவர்களிடம் இருப்பது கூந்தலும் கீச்சுக்குரலும்தான். அதைத்தான் எடுத்துப் போடுவார்கள்.

அதனால் இப்போதெல்லாம் யாரையும் ஆணாகவோ பெண்ணாகவோ நடிக்கச் சொல்வதில்லை. ஓர் ஆளைக் கொடுக்கிறேன். அந்த ஆளுக்கு இப்போது என்ன வேண்டும், அதைத் தடுப்பது எது, எதை வெளியே சொல்ல முடியவில்லை. இந்த மூன்றும் சீட்டில் இருந்தால் போதும், நடை உடை பாவனை எல்லாம் தானாக வரும்.

சீட்டு எழுதுவதில் தமிழ் எனக்குப் பெரிய ஒத்தாசை. 'அவன்', 'அவள்' என்று எழுதிவிட்டால் வினைமுற்று வரைக்கும் அது இழுத்துக்கொண்டு போகும். வந்தான், வந்தாள் என்று ஒவ்வொரு வாக்கியமும் கடைசி எழுத்தில் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் 'பெரியவர்', 'பிள்ளை', 'மருத்துவர்', 'ஓட்டுநர்', 'செவிலியர்' என்று எழுதினால் 'வந்தார்', 'வந்தது' என்று வாசலைத் திறந்தே வைக்கலாம். ஒருமுறை 'செவிலியர்' சீட்டு கிடைத்த பையன் அதைத் திருப்பி நீட்டி, "அக்கா, பொண்ணுங்க சீட்டு எனக்கு வந்துருச்சு" என்றான். "எந்த எழுத்துல பொண்ணுன்னு இருக்கு, காட்டு" என்றேன். நிஜமாகவே தேடினான். அவன் தேடிய அந்த அரை நிமிடம் அன்றைய வகுப்பில் மிக நல்ல அரை நிமிடம்.

அதைவிடப் பெரிய விஷயம் 'நான்'. நடிக்கத் தொடங்கிவிட்டால் எல்லாரும் 'நான்' என்றுதான் பேசுவார்கள். நான் போகிறேன், நான் பயந்தேன், நான் சொல்ல மாட்டேன். தமிழில் இந்த 'நான்' ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. இப்படி ஒரு சொல் நம் வாயிலேயே இருக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொன்னபோது அவர்கள் முகத்தில் ஓர் ஆச்சரியம் வந்ததே, அது இலக்கண வகுப்பில் ஒருநாளும் வந்திருக்காது.

கொஞ்ச நாளைக்கு முன் ஒரு சீட்டு: 'பெரியவர். இன்று வேலை போய்விட்டது. வீட்டில் பிள்ளையிடம் சொல்ல வேண்டும்.' அது 16 வயதுப் பையன் ஒருவனுக்குப் போயிற்று. உயரமானவன், வகுப்பிலேயே சத்தமான குரல், எல்லாரையும் சிரிக்க வைப்பவன். பிள்ளையாக இன்னொரு பையன். முதல் முறை கதவைத் திறந்து வந்ததும், "என்ன வேடிக்கை, போய்ப் படி!" என்று கத்தினான். காட்சி முடிந்துவிட்டது. இன்னொரு முறை என்றேன். சொல்ல வாயைத் திறந்தான், சிரிப்பு வந்துவிட்டது, எல்லாரும் சிரித்தார்கள். மூன்றாவது முறை, "பேசவே வேண்டாம். வீட்டுக்கு வா, அவ்வளவுதான்" என்றேன்.

வந்தான். நாற்காலியில் உட்கார்ந்தான். ஷூ லேஸை அவிழ்த்தான். ஒரு ஷூவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தான். கீழே வைக்கவும் இல்லை, அடுத்ததைக் கழற்றவும் இல்லை. பிள்ளையாக நடித்தவன் சற்று நேரம் பார்த்தான். பிறகு வந்து தரையில் உட்கார்ந்து, இன்னொரு காலின் லேஸை அவிழ்க்க ஆரம்பித்தான். நான் யாருக்கும் எதுவும் சொல்லித் தரவில்லை. அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான்.

பிறகு பேசும்போது உயரமானவன் சொன்னான்: "மொதல்ல கத்துனேன்லக்கா, அப்ப கோவம் எதுவும் இல்ல. பயமாத்தான் இருந்துச்சு. பயத்தை எப்படிக் காட்டுறதுன்னு தெரியல, அதான் கத்திட்டேன்."

எனக்கு உடனே நினைவுக்கு வந்தது ஜான் காண்ட்ரி, சாண்ட்ரா காண்ட்ரி என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1976இல் வெளியிட்ட ஆய்வு. 9 மாதக் குழந்தை ஒன்றின் காணொளியை 200க்கும் மேற்பட்டவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். பெட்டியிலிருந்து பொம்மை குதிக்கிறது, குழந்தை வீறிடுகிறது. ஆண் குழந்தை என்று சொல்லிக் காட்டினால் பார்த்தவர்கள் அதைக் கோபம் என்று எடுத்துக்கொள்ளும் போக்கு தெரிந்தது. பெண் குழந்தை என்று சொன்னால் பயம். குழந்தை ஒன்று, அழுகை ஒன்று, காணொளி ஒன்று. ஆண் பிள்ளையின் பயத்துக்குக் கோபம் என்று நாம் பெயர் வைத்துவிடுகிறோம். 16 வருடம் அந்தப் பெயரைக் கேட்டு வளர்ந்தவன் தன் பயத்தைத் தானே அப்படித்தான் அழைப்பான். "ஆம்பளப் பிள்ளை அழலாமா" என்று நாம் சொல்லும்போது அழுகையைத்தான் தடுக்கிறோம் என்று நினைக்கிறோம். அழுகை போய்விடுவதில்லை, கத்தலாகத் திரும்பி வருகிறது, பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண்கள் மேல். பெண் பிள்ளைகளுக்காக மட்டும்தான் இந்த வேலை என்று யாராவது சொன்னால் எனக்கு மனசு கேட்பதில்லை. இந்தப் பையன்களும் அச்சுக்குள் மூச்சு முட்டித்தான் இருக்கிறார்கள்.

காட்சியை ஒரு முறை ஓட்டிவிட்டு, பார்ப்பவர்களில் ஒருவரை உள்ளே வரச் சொல்லி முடிவை மாற்றிப் பார்க்கும் முறையும் என் வகுப்பில் உண்டு. அது பிரேசில் நாடகக்காரர் அகஸ்டோ போவாலிடமிருந்து வந்தது. ராணுவ ஆட்சியால் 1971இல் கைதாகி, சித்திரவதைக்கு ஆளாகி, நாட்டை விட்டு வெளியேறியவர். 1973இல் பெரு நாட்டில் ஓர் எழுத்தறிவு இயக்கத்தில் வேலை செய்தபோது நடந்ததை அவரே பதிவுசெய்திருக்கிறார். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண்ணிடம் கணவன் சில காகிதங்களைப் பத்திரமாக வைக்கச் சொல்கிறான். பக்கத்து வீட்டுக்காரி படித்துச் சொன்னபோதுதான் அவை இன்னொருத்தி அவனுக்கு எழுதிய காதல் கடிதங்கள் என்று தெரிகிறது. அவன் திரும்பி வரும்போது அவள் என்ன செய்ய வேண்டும்? பார்வையாளர்கள் யோசனை சொல்லச் சொல்ல நடிகர்கள் நடித்துக் காட்டினார்கள். ஒரு பெண்மணி மட்டும், "அவள் அவனோடு தெளிவாகப் பேச வேண்டும்" என்றார். நடிகை பேசிக் காட்டினார். "இப்படி இல்லை." இன்னும் அழுத்தமாகப் பேசிக் காட்டினார். "இதுவும் இல்லை." கடைசியில் போவால், "நீங்களே மேடைக்கு வந்து காட்டுங்களேன்" என்றார். அந்த அம்மா ஏறினார், கையில் துடைப்பத்தை எடுத்தார். 'தெளிவாகப் பேசுவது' என்று அவர் சொன்னதன் அர்த்தம் அந்த அறைக்கு அப்போதுதான் புரிந்தது.

அடிப்பது தீர்வு என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் மனதில் இருந்ததை இன்னொருவர் எவ்வளவு நன்றாக நடித்தாலும் காட்ட முடியவில்லை என்பதற்காகச் சொல்கிறேன். பிள்ளைகளிடமும் இதையே பார்க்கிறேன். "நீ இப்படிச் சொல்லியிருக்கலாமே" என்று வெளியிலிருந்து யோசனை சொல்வது எல்லாருக்கும் எளிது. "வா, வந்து அவ இடத்துல நில்லு" என்றதும் தொண்டை அடைக்கிறது. தைரியமாகப் பேசாதது அவளுடைய குறை என்று அதுவரை நினைத்தவர்களுக்கு, அந்த இடத்தில் நின்றால் பேச்சு ஏன் வருவதில்லை என்று விளங்கிவிடுகிறது.

பெற்றோர்கள் சிலர் என்னிடம் நேராகவே கேட்டிருக்கிறார்கள்: "எங்க பையனைப் பொம்பளையாக்கப் பாக்குறீங்களா?" கோபமாகக் கேட்பவர்களுக்கும் உள்ளே இருப்பது பயம்தான். அவர்களையும் உட்கார வைத்து அந்த ஷூ கதையைச் சொல்வேன். ஒரு அப்பா கேட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் எழுந்து போனார். மகனை அனுப்புவதை நிறுத்தவில்லை. எனக்கு அது போதும்.

அந்தப் பின்வரிசைப் பையனுக்குப் பிறகு சில விஷயங்களில் நான் பிடிவாதக்காரி ஆகிவிட்டேன். யாரும் கட்டாயமாக நடிக்க வேண்டியதில்லை. "வேண்டாம்" என்று சொன்னால் காரணம் கேட்க மாட்டேன். முதலில் இரண்டிரண்டு பேராக, பார்வையாளர் இல்லாமல், மேடையெல்லாம் பிறகு. அறையில் இருக்கும் எவருடைய நடையையும் குரலையும் எடுத்து நடிக்கக் கூடாது. எந்தக் குழுவிலும் தன் பாலினத்தைப் பற்றித் தனக்குள்ளேயே யோசித்துக்கொண்டிருக்கும் பிள்ளை ஒன்று இருக்கலாம், திருநங்கையாகவோ திருநம்பியாகவோ தன்னை அறிய வருகிற பிள்ளை இருக்கலாம். நமக்கு ஒரு மணி நேரப் பயிற்சி, அதற்கு அதுதான் வாழ்க்கை. அதை மறந்துவிட்டு வகுப்பு எடுக்க நமக்கு உரிமை இல்லை.

இன்னொன்று, வேடம் கலைப்பது. இதை அவசரத்தில் விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். அதட்டும் பெரியவராக நடித்த பிள்ளையை அப்படியே அனுப்பினால் நண்பர்கள் மாலை வரைக்கும் அந்தப் பெயரிலேயே கூப்பிடுவார்கள். அதனால் காட்சி முடிந்ததும் சீட்டை என்னிடம் திருப்பித் தர வேண்டும், கையை உதற வேண்டும், சொந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும், 'அந்த ஆளுக்கும் எனக்கும் உள்ள ஒரு வித்தியாசம்' என்று ஒன்று சொல்ல வேண்டும். சிலர், "வித்தியாசம் இருக்கான்னே தெரியலக்கா" என்பார்கள். அவர்களோடு எல்லாரும் போன பிறகு தனியாகக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன்.

பேசும் நேரத்தை நடிக்கும் நேரத்தைவிடக் கூடுதலாகவே வைக்கிறேன். 10 நிமிடக் காட்சிக்கு அரை மணி. "ஏன் அப்படிச் செஞ்சே?" என்ற கேள்வியைக் கூடிய மட்டும் தவிர்க்கிறேன், அது விசாரணை போல ஆகிவிடுகிறது. "எந்த இடத்துல உடம்பு இறுகுச்சு?", "சொல்ல நெனச்சு சொல்லாம விட்டது என்ன?" என்று கேட்டால் பதில் வருகிறது. காலை நீட்டியிருந்த அந்தப் பையனிடமும் ஏன் என்று கேட்கவில்லை. "மணி உன் காதுல விழுந்துச்சா?" என்று மட்டும் கேட்டேன். வெகு நேரம் யோசித்து, "விழுந்துச்சு. ஆனா எனக்குன்னு விழல" என்றான். அந்த வயதில் இவ்வளவு நேர்மையாக ஒரு பதில் சொல்ல முடிகிறதே என்று அவனை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது.

அடுத்த வாரம் அந்தப் பெண் வகுப்புக்கு முன்னாலேயே வந்துவிட்டாள். நாற்காலிகளைச் சுவரோரம் தள்ள எனக்கு உதவிக்கொண்டே சொன்னாள்.

"நேத்து வீட்ல நெசமாவே மணி அடிச்சுதுக்கா."

"ம்."

"எழுந்துட்டேன்."

"சரி."

"இல்லக்கா, எழுந்துக்கிறதை நானே பார்த்தேன். பாதியில. அப்படியே நின்னுட்டேன், எழவும் இல்லாம உக்காரவும் இல்லாம."

"அப்புறம்?"

"இன்னொரு தடவை மணி அடிச்சுது. அண்ணன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். நானும் அவனைப் பார்த்தேன்."

மற்ற பிள்ளைகள் படியேறி வரும் சத்தம் கேட்டது. அவள் கடைசி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சுவரோரம் வைத்துவிட்டு, அதிலேயே உட்கார்ந்துகொண்டாள்.